கையிலா, காலிலா

என் மகளுக்கு அம்மைப்பால் வைக்க வேண்டும் என்று அரசாங்கக் காகிதம் வந்தபோது அவளுக்கு நான்கு மாதம் முடிந்திருந்தது. தபால்காரர் கொடுத்த காகிதத்தை என் கணவர் ஆபீஸிலிருந்து திரும்பும்வரை சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். படிக்கத் தெரியாமல் வைக்கவில்லை. ஆங்கிலத்தில் ஏழெட்டு வரிதான். மூன்று முறை படித்துவிட்டேன். ஆனாலும் வீட்டுக்கு வரும் காகிதத்தை ஆண்பிள்ளைதான் முதலில் பார்க்க வேண்டும் என்று என்னை வளர்த்திருந்தார்கள். அவர் வந்து பிரித்துப் பார்த்து, "பாப்பாவுக்கு அம்மைப்பால் வைக்கணுமாம்" என்றார். "அப்படிங்களா" என்று புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டேன்.

அப்போது நாங்கள் பினாங்கில் சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். வீட்டில் குழந்தையைச் சேர்க்காமல் மூன்று பேர். என் கணவர் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணி. அவருடைய மூத்த அக்கா புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். மூன்றாவது நான். மாமியார் நான் வருவதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். அதனால் வீட்டில் அரிசி எவ்வளவு போட வேண்டும் என்பதிலிருந்து குழந்தைக்கு எந்தக் கிழமை எண்ணெய் வைக்க வேண்டும் என்பதுவரை அந்த அக்கா சொல்வதுதான். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன்.

காகிதத்தைப் பற்றிக் கேட்டதும் அண்ணி அடுப்படியிலிருந்தே சொன்னார். "காலுல வைக்கச் சொல்லு. கையில வேணாம். பொட்டப்புள்ள."

நான் கணவரைப் பார்த்தேன்.

"கையோ காலோ, அது பொம்பளைங்க சமாச்சாரம். அக்கா சொல்றபடி செய்யி" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது அவருடைய இடது கையில், தோளுக்குக் கீழே, மூன்று தழும்புகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அகலம். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். அதை எந்த இடத்தில் வைக்கலாம் என்று அவருடைய வீட்டில் யாரும் கூடிப் பேசியிருக்க மாட்டார்கள் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

எல்லாருக்கும் தெரிந்திருக்கும், தோலில் கத்தி முனையால் லேசாகக் கீறி அம்மைப்பாலைத் தடவுவார்கள். சில நாளில் கொப்புளம் வந்து, பொருக்கு தட்டி, உதிரும். தழும்பு மட்டும் ஆயுசுக்கும் நிற்கும். அது இருந்தால் பெரியம்மை அண்டாது. ஆண் குழந்தைக்குக் கையில் வைப்பார்கள். பெண் குழந்தை என்றால் தழும்பு வெளியே தெரியக்கூடாது என்று தொடையில் வைக்கச் சொல்கிற வீடுகள் நிறைய. கொஞ்சம் வசதி குறைந்த இடங்களில் வைக்கவே விடாமல் மறைத்துவிடுவதும் உண்டு.

என் இடது கையில் இரண்டு தழும்புகள் இருக்கின்றன. என் தம்பிக்கு வைக்கக் கொண்டுபோன அன்று, கூடவே இருந்த எனக்கும் அப்பா வைத்துவிட்டுக் கூட்டிவந்தார். எந்த இடம் என்று கேட்க அம்மா பக்கத்தில் இல்லை. "உங்க அப்பா செஞ்ச வேலை" என்று அம்மா என் கையைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். நல்ல பாத்திரத்தில் விழுந்த நெளிசலைச் சொல்வதுபோல் சொல்வார்.

பள்ளிக்கூடத்தில் மட்டும் அந்தத் தழும்பினால் எனக்கு ஒரு நன்மை நடந்தது. நான் பாதிரிமார் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புவரை படித்தேன். ஒரு வருஷம் ஊரில் அம்மை பரவுகிறது என்று பேச்சு வந்தபோது டீச்சர் எல்லாரையும் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். தழும்பு இல்லாதவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் பெஞ்சியில் உட்கார்ந்து, போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெருமையாக இருந்தது. அடுத்த வருஷம் நான் பெரியவளானேன். என்னையும் நிறுத்திவிட்டார்கள். தம்பி தொடர்ந்து போனான். அவனுடைய கணக்குப் பாடங்களைச் சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து நான் போட்டுக் கொடுத்தேன். அவன் பரீட்சையில் தேறியபோது வீட்டில் பாயசம் வைத்தார்கள். எனக்கும் ஒரு கிண்ணம் கிடைத்தது.

என்னைப் பெண் பார்க்க மூன்று பெண்கள் வந்தார்கள். அண்ணி வரவில்லை, தாலியறுத்தவர் பெண் பார்க்க வரக்கூடாதே. என் கணவருடைய சித்தி ஒரு டஜன் கண்ணாடி வளையல் கொண்டுவந்திருந்தார். "வா தாயி, போட்டுப் பாப்போம்" என்று என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். வளையல் போடுவதற்கு முழங்கைக்கு மேல் என்ன வேலை என்று எனக்கு அப்போது புரியவில்லை. ரவிக்கைக் கையை அவர் விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனார். விரல் தழும்பில் வந்து நின்றது. ஒரு முறை சுற்றித் தடவியது. பிறகு மற்ற இருவரையும் பார்த்தார். அம்மா பின்னாலிருந்து அவசரமாக, "பால் வச்ச தழும்புதாங்க. அவங்க அப்பா கூட்டிட்டுப் போயி வச்சிட்டாரு" என்றார். "படிச்சிருக்காளாமே" என்று சித்தி கேட்டதற்கு, "படிச்சிருக்கா. ஆனா காட்டிக்க மாட்டா" என்றார் அம்மா.

அம்மா சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்று பிறகு நான் நடந்துகொண்டேன். அது சரியா தவறா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

அண்ணியின் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. நெற்றி, கன்னம், மூக்கு நுனி, உதடுகூட. ஏழெட்டு வயதில் வந்ததாம். கல்யாண வயதில் வந்து பார்த்தவர்கள் எல்லாரும் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். கடைசியில் நிபோங் திபாலில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். அவர் ஏற்கெனவே இரண்டு மனைவிகளைப் பறிகொடுத்தவர், தலை நரைத்தவர். அண்ணிக்குப் பதினேழு வயது. இதையெல்லாம் என்னிடம் சொன்னது பக்கத்து வீட்டம்மா. அண்ணி தானாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். நான் கல்யாணமாகி வந்த புதிதில், சாயங்காலம் என் கணவர் சாப்பிட உட்கார்ந்தபோது விளக்கை அவருக்கும் எனக்கும் நடுவில் வைத்தேன். "இங்க வை. சோறு போடறவ முகம் தெரியட்டும்" என்று அண்ணி விளக்கை என் பக்கம் நகர்த்தினார். பிறகு அடுப்படியில் தட்டைக் கழுவிக்கொண்டே, "எங்க வீட்டுல அவரு விளக்க அந்தப் பக்கம் வைக்கச் சொல்லுவாரு" என்றார். எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் புரிந்துவிட்டது. பதினான்கு வருஷம் அப்படி வைத்திருக்கிறார்.

ஆகவே காலில் வைக்கச் சொல் என்று அவர் சொன்னபோது அதைச் சாதாரணமாகத் தள்ள என்னால் முடியவில்லை. தழும்பு ஒரு பெண்ணுக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்ததைவிட அவருக்குத் தெரியும். அதே சமயம், பள்ளிக்கூடத்துச் சுகாதாரப் புத்தகத்தில் படித்ததும் ஞாபகம் வந்தது. கைக்குழந்தையின் தொடை எப்போதும் நனைகிற இடம், புண் ஆறாது, கையில் வைப்பதே நல்லது என்று அதில் இருந்தது. இதை அண்ணியிடம் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். நான்காம் நாள் அந்த முடிவு தவறோ என்று தோன்றியது. அண்ணி முதலில் அஷ்டமி என்றார், பிறகு செவ்வாய்க்கிழமை என்றார், பிறகு குழந்தைக்குச் சளி என்றார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. இப்படியே மூன்று வாரம் போனது.

ஒருநாள் என் கணவர் வந்து, நாகப்பட்டினத்திலிருந்து வந்த கப்பலை ஜெரெஜாக் தீவிலேயே நிறுத்திவிட்டார்கள் என்றார். கப்பலில் யாருக்கோ அம்மை. ஆட்கள் எல்லாரையும் அந்தத் தீவில் இறக்கி அடைத்து வைத்திருக்கிறார்கள். "சீக்கிரம் வச்சிடு" என்றார்.

"கையிலயா காலுலயாங்க" என்று மறுபடி கேட்டேன்.

"அதான் அன்னிக்கே சொன்னேனே" என்றார். அவர் சொன்னது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் காலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அண்ணி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் எதிரில் தான் வரக்கூடாது என்று அவரே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. ஆனால் உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது. "குடை எடுத்தியா? காலுன்னு சொல்லு. மறந்துடாதே."

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சீனத்திகள், மலாய்க்காரப் பெண்கள், நம்மவர்கள் என்று முப்பது பேருக்கு மேல் இருப்பார்கள். எல்லார் மடியிலும் ஒரு குழந்தை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழ்ப் பெண் வெற்றிலை போட்டுக்கொண்டு, கொழுகொழுவென்று ஒரு பையனை மடியில் நிறுத்தி ஆட்டிக்கொண்டிருந்தார்.

"பொண்ணா?" என்றார் என்னைப் பார்த்து.

"ஆமாங்கக்கா."

"அப்ப காலுதான். என் மூத்தவளுக்கும் காலுலதான் வச்சேன். இவன் சிங்கம், இவனுக்குக் கையி. பெரியவனானா சட்டையத் தூக்கித் தூக்கி ஊருக்கே காட்டுவான், பாரு."

அந்தப் பக்கம் இருந்த வயசான அம்மாள், "காலுல வச்சா மட்டும் மாப்பிள்ள வீட்டுக்காரி விட்டுடுவாளா? இப்ப எல்லாத்தையும் பாக்கறாளுங்க" என்றார்.

"பாக்கட்டும் அக்கா. அவ மவன் கணுக்காலை நாமளும் பாப்போம். யானைக்காலா இல்லையான்னு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த பிறகு குழந்தையின் கையைப் பார்த்தேன். முழங்கைக்கு மேலே மடிப்பு மடிப்பாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

உள்ளே மிஸி என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சீன நர்ஸும், பால் வைக்கிற வயதான தமிழ் டிரெசரும் இருந்தார்கள். மிஸி குழந்தையை வாங்கிக்கொண்டு மலாயில், "தாங்ஙான்? காக்கி?" என்றாள். கையா காலா என்று கேட்கிறாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் மூன்று வாரமாகத் தயார் செய்திருந்தேன். இருந்தும் நாக்கு எழவில்லை.

"புருஷன் வரலையாம்மா?" என்றார் டிரெசர்.

"வேலைக்குப் போயிருக்காங்க."

"அவர் எங்க வைக்கச் சொன்னாரு?"

"காலுலங்க" என்றேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நாத்தனார் சொன்னார் என்றால் டிரெசர் கேட்பாரோ மாட்டாரோ. நான் சொல்கிறேன் என்றால் இன்னும் கேட்க மாட்டார் என்று நினைத்தேன்.

"பொண்ணு கொண்டார்றவங்க எல்லாம் காலு, காலு" என்று முணுமுணுத்துக்கொண்டே கீறினார். குழந்தை வீறிட்டது. அவர் என்னிடம் விவரமாகச் சொன்னார்: எட்டு நாள் தண்ணீர் படக்கூடாது, மஞ்சள், எண்ணெய் எதுவும் தடவக்கூடாது, எட்டாம் நாள் கொண்டுவந்து காட்ட வேண்டும், கொப்புளம் வரவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம், திரும்ப வைக்க வேண்டும். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். எல்லாம் புத்தகத்தில் படித்ததுதான்.

ரிக்‌ஷாவில் வீட்டுக்கு வந்து இறங்கினால் கதவு சாத்தியிருந்தது. "பின்னால வா" என்று அண்ணியின் குரல் கேட்டது. எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரிக்கோ சாவு வீட்டுக்கோ போய்வந்தால் தலை முழுகாமல் உள்ளே நுழைய மாட்டோம். அதை நான் மறந்தே போயிருந்தேன். பின்கட்டில் பெரிய பாத்திரத்தில் வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. மஞ்சளும் வேப்பிலையும் போட்டு அண்ணி தயாராக வைத்திருந்தார். குழந்தைக்குத் தனியாக ஒரு சின்னக் குண்டானில்.

"அண்ணி, தண்ணி படக்கூடாதுன்னு டிரெசர் சொன்னாரு."

"மஞ்சத் தண்ணி தண்ணியா, புள்ள? அது மருந்து. அங்க எத்தனை சாதிச் சீக்கு, எத்தனை மூச்சு. அப்படியே உள்ள தூக்கிட்டு வரலாமா?"

நான் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். ஒரு முறைதான் சொன்னேன். குழந்தை வரும் வழியிலேயே நனைத்திருந்தாள். துணி ஈரமாகத் தொடையில் ஒட்டியிருந்தது. எப்படியும் நனைந்துவிட்டதே, கழுவுவதுதான் சுத்தம் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அண்ணி தண்ணீர் ஊற்றினார். குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு, கீறின இடத்தில் மஞ்சள் தண்ணீரைத் தடவிக் கழுவியது என் கை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் வேறு வேலையே பார்க்கவில்லை என்று சொல்லலாம். துணி மாற்றும்போதெல்லாம் அந்த இடத்தைப் பார்ப்பேன். மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் சிவந்திருப்பதுபோல் தெரிந்தது, கொசுக்கடி. ஆறாம் நாள் கீறலே மறைந்துவிட்டது. அண்ணிக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, ஆத்தா கருணை. வச்ச தடமே இல்ல. பட்டு மாதிரி இருக்கு" என்று தொடையைத் தடவி முத்தமிட்டார். அதே நாளில் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறது என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போனார். அது சின்னம்மை என்று பின்னால் தெரிந்தது. அன்று அது எனக்குத் தெரியாது. குழந்தையின் நெற்றியைப் புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூடு என்று நினைப்பேன். பிறகு என் கைதான் குளிர்ந்திருக்கிறது என்று நினைப்பேன்.

எட்டாம் நாள் காலை கணவர் வேலைக்குப் போன பிறகு, குடையை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் போய் நின்றேன்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் அண்ணி. கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்கு. இன்னிக்குக் காட்டணும்."

"அதான் வச்சாச்சே. புள்ள நல்லாத்தானே இருக்கு. திரும்பப் போயிக் கண்டதையும் வாங்கிட்டு வரணுமா?"

"பால் பிடிக்கலை அண்ணி. கொப்புளம் வரணும். வரலைன்னா வச்சதுக்கு அர்த்தமே இல்ல. அன்னிக்கு நாம கழுவிட்டோம். அதோட போயிடுச்சு. இப்ப பாப்பாவுக்கு ஒரு காவலும் இல்ல."

நாம் என்று சொன்னேன். நீங்கள் என்று சொல்லத்தான் உள்ளே இருந்தது. ஆனால் காலைப் பிடித்துக்கொண்டு கழுவியவள் நான். கழுவினால் கெட்டுவிடும் என்று அண்ணிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அண்ணியின் கை கீரையில் நின்றது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

"நான் வேணாம்னா சொன்னேன்?" என்றார் மெதுவாக. "காலுலன்னுதானே சொன்னேன்."

"ஆமாங்க அண்ணி."

"எங்க தோட்டத்துக்கு அம்மைப்பால் வைக்கிறவன் வந்தான். பட்டர்வொர்த் பக்கம், தென்னந்தோட்டம். எனக்கு ஆறு வயசு இருக்கும். எங்க அண்ணனக் கூட்டிட்டுப் போயி வச்சாங்க. அவன் அழுதான். எங்கம்மா என்னைய அரிசி மூட்டைக்குப் பின்னால ஒக்கார வச்சி, சத்தம் போடாதேன்னு ஒரு வெல்லக்கட்டி குடுத்துச்சு. பொட்டப்புள்ள கை கெட்டுப்போயிடுமாம்." அண்ணி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோள்வரை வெறும் கை. வெள்ளைச் சேலைக்கு ரவிக்கை போடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. "கை கெடவே இல்ல, பாரு."

உண்மைதான். அவருடைய கைகளில் முழங்கைக்கு மேலே ஒரு வடுகூட இல்லை. அத்தனை நாளும் அவர் முகத்தைப் பார்த்த நான் கையைப் பார்த்ததில்லை.

"உன் கையில ரெண்டு இருக்குன்னு சித்தி வந்து சொன்னப்ப, வேற பொண்ணு பாக்கலாம்னுதான் எல்லாரும் பேசினாங்க" என்று அண்ணி தொடர்ந்தார். "நான்தான் இருக்கட்டும்னேன். ஆத்தா வராத கை, புள்ளைங்களப் பயமில்லாமத் தூக்கும்னேன்."

கையில் வைத்துவிடட்டுமா என்று அப்போது கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். சரி என்று சொல்லிவிட்டால், பின்னால் என் மகளை யாராவது தள்ளிவிட்டுப் போகும்போது அந்தப் பழியும் அவர் தலையில் விழும் என்று இன்னொரு பயம். கேட்காமலே கிளம்பினேன். அண்ணியும் கால் என்று ஞாபகப்படுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் அதே டிரெசர். தொடையைப் பார்த்துவிட்டு, "பிடிக்கலையே. கழுவினீங்களா?" என்றார்.

"கழுவினோம்."

"படிச்ச பொண்ணாட்டம் இருக்கே" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

மிஸி கேட்கவே இல்லை. போன வாரம் காலில் வைத்த குழந்தை என்று காலிலிருந்து துணியை அவிழ்க்கத் தொடங்கினாள். "தாங்ஙான்" என்றேன். அவள் நிமிர்ந்தாள். நான் குழந்தையின் சட்டையை மேலே தூக்கி இடது கையை வெளியே எடுத்துக் காட்டினேன்.

டிரெசர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வீட்டுக்காரர் கால்னுல்ல சொன்னாருன்னு சொன்னே?"

"நான் சொல்றேங்க. கையில வைங்க."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் பஞ்சை நனைத்தார். அவ்வளவுதான். அந்த வார்த்தைக்கு நான் நினைத்த அளவுக்குக் கனம் இல்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. முதல் முறையே சொல்லியிருந்தால் அன்றைக்கும் இப்படித்தான் தோளைக் குலுக்கியிருப்பார் என்று வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். அதோடு இன்னொன்றும் நினைத்தேன். பதினாறு வருஷம் கழித்து மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி, கையில் வளையலோடு வந்து, இவள் கையை மடியில் வைத்துக்கொள்வாள். அப்போது இவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நான் என்ன சொல்வேன். ரிக்‌ஷாக்காரர் எங்கள் சந்தில் திரும்பியபோது, திருப்பிக்கொண்டு போய் அந்தக் கையைத் துடைத்துவிடச் சொன்னால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் தோன்றியது.

வீட்டு முன்கதவு திறந்திருந்தது. பின்கட்டில் புகை இல்லை. அண்ணி வாசலுக்கே வந்து நின்றிருந்தார். நாங்கள் ஒரு காரியமாக வெளியே போய் வரும்போது அவர் முன்வாசலில் நின்று நான் பார்த்ததில்லை.

"உள்ள வா. வெயிலு" என்றார்.

குழந்தையை வாங்கிக்கொண்டார். முதலில் காலைத்தான் பார்த்தார். பிறகு சுருட்டிவிட்டிருந்த சட்டைக் கையைப் பார்த்தார்.

"கையா?"

"ஆமாங்க அண்ணி."

"ம்" என்றார். அவ்வளவுதான். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நான் நடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், "கத்தரி எங்க வச்சே?" என்று குரல் வந்தது.

போய்ப் பார்த்தேன். குழந்தையின் சட்டைகள் ஐந்தையும் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் பிரசவத்துக்கு முன்னால் அவர் கையாலேயே தைத்தவை. ஒவ்வொன்றாக எடுத்து இடது பக்கக் கையை வெட்டினார். பிறகு வலது பக்கமும் வெட்டினார். "துணி உரசினா புண்ணு பெருசாயிடும்" என்றார், என்னைப் பார்க்காமல். "பிடிக்கட்டும். இந்தத் தடவை நல்லாப் பிடிக்கட்டும்."

அன்று மாலை என் கணவர் குழந்தையைத் தூக்கப் போய், "என்ன, கையிலயா வச்சாங்க? காலுன்னு அன்னிக்குப் பெரிய பேச்சா இருந்துச்சே" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அடுப்படியிலிருந்து அண்ணி சொன்னார்: "அது பொம்பளைங்க சமாச்சாரம் தம்பி. நீ சாப்புடு வா."

நான்காம் நாள் கொப்புளம் எழும்பியது. இரண்டு நாள் நல்ல காய்ச்சல். நான் அழுதுகொண்டே இருந்தேன். அண்ணி பனைவிசிறியால் வீசிக்கொண்டே, "வரணும்னுதானே போனே, வந்துச்சுன்னா அழுவறே" என்று கடிந்துகொண்டார். எட்டாம் நாள் டிரெசர் பார்த்துத் தலையாட்டிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். தகப்பனார் பெயர், குழந்தை பெயர், தேதி. தாயார் பெயருக்கு அதில் இடம் இல்லை.

இப்போது என் மகளுக்கு நான்கு வயது. தழும்பு ஒன்றே ஒன்று. அவள் வளர வளர அதுவும் வளர்கிறது. வெயிலில் விளையாடிவிட்டு வரும் நாளில் மற்ற இடமெல்லாம் கறுத்து, அது மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. போன மாதம் வீட்டுக்கு வந்திருந்த ஒரு உறவுக்காரம்மா அதைப் பார்த்துவிட்டு, "அடடா, கையிலயா வச்சே? படிச்சவ, இதுகூடத் தெரியாதா உனக்கு" என்றார். நான் குற்றம் செய்தவள்போல நின்றேன். காப்பி கொண்டுவந்த அண்ணிதான், "இவ கையில ஒண்ணு. எம் மூஞ்சியில எத்தனைன்னு எண்ணிட்டுப் போ" என்று தம்ளரை வைத்தார். அந்தம்மா காப்பியைச் சூடாகவே குடித்துவிட்டுக் கிளம்பினார்.

இதையெல்லாம் சொன்னால் எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. வருகிற மாதம் ஒரு கல்யாணம் இருக்கிறது. உறவுக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். மகளுக்குப் பச்சைப் பட்டில் சட்டை தைக்கிறேன். நேற்று துணியை மேசையில் விரித்து அளவு எடுத்தபோது, கைக்கு என்று நான் ஒதுக்கிய துணி முழங்கையைத் தாண்டிப் போயிருந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. ஊசி குத்தி அடையாளம் வைத்த பிறகுதான் பார்த்தேன். இந்த ஊர் வெக்கையில் நான்கு வயதுக் குழந்தைக்கு யாரும் அவ்வளவு நீளக் கை வைக்க மாட்டார்கள்.

அண்ணி வந்து பார்த்தார். துணியைத் தொட்டுப் பார்த்து, "நல்ல பட்டு" என்றார். கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது பெட்டியிலிருந்து கத்தரியை எடுத்துத் துணி பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

துணி இன்னும் மேசை மேலேயே இருக்கிறது. நான் இன்னும் வெட்டவில்லை.